எரியாத பூண்டு

ஆலை முதலுதவி அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். பாடம் எடுக்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு சின்ன வேலை தருகிறேன், செய்து பாருங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து, கீறல் படாமல் தோலை உரித்து முகர்ந்து பாருங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு அதே பல்லை அம்மியிலோ கரண்டி முதுகிலோ வைத்து ஒரு நசுக்கு நசுக்குங்கள். அடுத்த அறையில் இருப்பவர் "யாரு பூண்டு நசுக்கறது?" என்று கேட்பார்.

இல்லாத வாசனை எங்கிருந்து வந்தது? பல்லுக்குள் இரண்டு சரக்கு தனித்தனி அறையில் படுத்திருக்கிறதாம். நசுக்கும்போது நடுச்சுவர் இடிந்து, இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கிறதாம். அந்த மூன்றாவதுதான் வாசனை, காரம், மருந்து, நெருப்பு எல்லாம். ஒரு டாக்டர் எனக்கு இதைச் சொன்னபோது வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். விரல் நகம் அளவுக்கு ஒரு பொருள், அதற்குள் இப்படி ஓர் ஏற்பாடு. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை. தீராததற்குக் காரணம் ஏகாம்பரம்.

அது 1991. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி, பென்னலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆலை. வண்டிகளுக்குப் போகிற போல்ட்டு, நட்டுகளை ஆசிட்டில் கழுவி, முலாம் பூசி அனுப்புவோம். என் பதவி முதலுதவி உதவியாளர். ஆட்கள் எனக்கு வைத்த பெயர் கம்பவுண்டர். வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரிடம் ஆறு வருஷம் புண் கழுவிக் கட்டுப் போட்டுப் பழகியவன் நான். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் பழைய புத்தகங்களை வாங்கிப் படித்தது, டாக்டர்களை நச்சரித்துக் கேட்டது. ஆலைக்கு ஒரு டாக்டர் உண்டு. வியாழக்கிழமை மட்டும் காஞ்சிபுரத்திலிருந்து வருவார். மற்ற நாட்களில் அறையில் நான்தான்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. வலியைப் பற்றி ஆட்கள் சொல்வதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பேன். வயிற்று வலியை ஒருத்தர், "உள்ள யாரோ துணி புழியறாங்கண்ணா" என்றார். தலைவலிக்கு இன்னொருத்தர், "மண்டைக்குள்ள செகண்ட் ஷிப்ட் ஓடுது" என்றார். பல்வலிக்காரர் ஒருவர், "தாடைல வாடகைக்கு ஆள் வந்துட்டான், சாமான இறக்கிகினே கீறான்" என்றார். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்குக் கர்வம் ஏறிவிட்டது. வலியை ஒருத்தன் எப்படிச் சொல்கிறான் என்று கேட்டாலே பாதி வைத்தியம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். வலியைச் சொல்லாதவன் வந்தால் என்ன செய்வது என்று யோசித்ததே இல்லை.

ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்ட் ஆரம்பித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சூப்பர்வைசர் ஏகாம்பரத்தின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் பத்துப் பேர்.

ஏகாம்பரத்துக்கு இருபத்தாறு வயது. வாலாஜாபாத்துக்குப் பக்கத்து ஊர், விவசாயக் குடும்பம். இரண்டு வருஷமாக முலாம் லைனில் தற்காலிகம். அந்த வியாழக்கிழமை டாக்டர் வந்து உடம்பைப் பார்த்துச் சரி என்று எழுதினால் பர்மனென்ட். இடது கையில் முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. இரண்டு உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சட்டைக் கை நனைந்திருப்பதைப் பார்த்து, பக்கத்தில் வேலை செய்தவர்தான் சுருட்டி விட்டிருக்கிறார். இவனாக யாரிடமும் சொல்லவில்லை.

"ஆசிட் பட்ட காயம், கம்பவுண்டர். ரிஜிஸ்டர்ல அப்படியே எழுதுங்க" என்றார் சூப்பர்வைசர். "ஊத்தினவனைக் கேட்டுல உக்கார வச்சிருக்கேன்."

"யாரு சார்?"

"வேற யாரு? மோசஸ்."

மோசஸ் ஆசிட் தொட்டி ஆள். கூடையில் போல்ட்டுகளை அள்ளி ஆசிட்டில் முக்கி எடுப்பவன். அவனும் ஏகாம்பரமும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம். வெளியிலிருந்தே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் அந்த இடம் போட்டவனுக்கு. முந்தின நாள் மாலை மோசஸ் போட்ட துண்டை எடுத்துக் கடாசிவிட்டு ஏகாம்பரம் உட்கார்ந்திருக்கிறான். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி மோசஸ் கத்தினானாம்: "நாளைக்கு உனக்கு அந்தக் கை இருக்குதான்னு பாக்கறேன்டா."

மறுநாள் காலையில் கையில் கொப்புளம். வேறு என்ன வேண்டும்?

"பத்து மணிக்கு மேனேஜர் வரார். உங்க ரிப்போர்ட்டைப் பாத்துட்டு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிடுவார்" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனார். அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். ரோடு முழுக்கப் போலீஸ். ஒருத்தன் மேல் இன்னொருத்தன் ஆசிட் ஊற்றினான் என்று ஒரு வார்த்தை போனால், அவன் சொல்வதை யாரும் உட்கார வைத்துக் கேட்கப் போவதில்லை. மோசஸின் வேலை, பெயர், ஒருவேளை சில வருஷம், எல்லாம் நான் எழுதப்போகிற ஒரு வரியில் இருந்தது. மணி எட்டு.

குழாயைத் திறந்து கையை வெகுநேரம் கழுவினேன். ஆசிட்டோ வேறு எதுவோ, முதலில் தண்ணீர். பிறகு இடுக்கியால் உரிந்த தோலையும் ஒட்டியிருந்த துணுக்குகளையும் எடுத்தேன். ஏகாம்பரம் ஒரு முனகல் முனகவில்லை. ஜன்னலுக்கு வெளியே தேங்கிய மழைத் தண்ணீரில் நின்ற கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெடிக்கல்ல இந்தக் கையையும் பாப்பாங்களாண்ணா?"

"எல்லாத்தையும்தான் பாப்பாங்க. ஆடாம இரு. நல்ல தைரியசாலிடா நீ."

நான் சொன்ன இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவிய பிறகு காயத்தை நன்றாகப் பார்த்தேன். ஏதோ சரியில்லை. ஆசிட் ஓடும். தெறித்தால் புள்ளி புள்ளியாக விழும், ஊற்றினால் கோடு கோடாக வழியும். இது ஓடவே இல்லை, ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஓரம் கத்தரித்த மாதிரி நேர்க்கோடு. அதைச் சுற்றித் துணி கட்டிய தடம். சட்டையைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. கையைச் சுடுகிற ஆசிட் பருத்திச் சட்டையை விட்டு வைக்குமா?

இடுக்கி முனையில் மெல்லிசாக ஒன்று ஒட்டியிருந்தது. பஞ்சு என்று நினைத்து ஒதுக்கியது. மூக்கருகே கொண்டுபோனேன். பூண்டுத் தோல்.

"இது இன்னாடா?"

அவன் கொக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மோசஸ் ஆசிட் ஊத்துனானா?"

"நான் அப்டி சொல்லலியேண்ணா."

"ஊத்தலன்னும் சொல்லலியே. அங்க ஒருத்தன் கேட்டுல திருடன் மாதிரி குந்திகினு கீறான், தெரியும் இல்ல?"

"தெரியும்ண்ணா." கொக்கை விட்டுத் தன் கையைப் பார்த்தான். "அந்த இடத்துல ஒரு தேமல். நாளாவே கீது. மெடிக்கல்ல தேமலப் பாத்தா எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. பூண்ட நசுக்கி வச்சா தேமல் உரிஞ்சி போயிடும்னு ஒருத்தர் சொன்னாரு. நாலு பல்லு நசுக்கி, வாழ இல வச்சி கட்டிகினு படுத்துட்டேன். காலைல பாத்தா இப்டி."

எனக்குக் கோபம் ஒரு பக்கம், கண்டுபிடித்துவிட்ட குஷி ஒரு பக்கம். சரமாரியாகத் திட்டினேன். பூண்டு சாப்பாட்டில் நல்லது. வாயுவுக்கும் சளிக்கும் நம் சனங்கள் ரசத்திலும் பாலிலும் போட்டுச் சாப்பிடுகிறார்கள், வெந்த பூண்டு சாதுவாகிவிடும். பச்சைப் பூண்டை நசுக்கித் தோல் மேல் கட்டினால் அது மருந்தில்லை, சூடு. குழந்தைத் தோலானால் இன்னும் சீக்கிரம் சுட்டுவிடும். இதையெல்லாம் அன்று அவனிடம் சொன்னேன், பிறகு ஆயிரம் பேரிடம் சொன்னேன், இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஆபரேஷனுக்கோ பல் பிடுங்கவோ போகிறவர்களும் பூண்டை மருந்து மாதிரி அள்ளி விழுங்குவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். குழம்பில் போடுகிற அளவுக்குப் பயமில்லை.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: "பச்சைப் பூண்டு வைத்துக் கட்டியதால் ஏற்பட்ட புண். வேலையிடத்து விபத்து அல்ல."

சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பூண்டா? சாம்பார்ல போடற பூண்டா? பூண்டு சுடுமா? யோவ், மோசஸ் உனக்கு என்ன சொந்தமா?"

"சார், என் கையில வைக்கிறேன். உங்க கையிலயும் வைங்க. மேனேஜர் வரதுக்குள்ள தெரிஞ்சிடும்."

கேன்டீனுக்கு ஆள் அனுப்பினேன். கன்னியம்மாவே வந்துவிட்டாள். முந்நூறு பேர் சாப்பாட்டுக்குக் காய் அரிந்து, பூண்டு உரித்து, பரிமாறவும் செய்கிறவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், பேச்சில் நாற்பது வயது பெரியவள்.

"இன்னாண்ணா, ஆபீஸ்ல ரசம் வைக்கப் போறீங்களா? புளி கொண்டாரட்டா?"

அவள் நசுக்கிக் கொடுத்த பூண்டை ஆளுக்குக் கொஞ்சம் மணிக்கட்டில் வைத்து, கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, நானும் சூப்பர்வைசரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். இந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். எனக்கு அன்று வேறு வழி தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு பெரிய மனுஷர்கள் வாய் பேசாமல் இருந்தோம். பத்து நிமிஷத்தில் சூப்பர்வைசர் காலை ஆட்ட ஆரம்பித்தார். பதினைந்தில் நெற்றி வியர்த்தது. இருபதில், "ஐயோ அம்மா!" என்று கைக்குட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குழாய்க்கு ஓடினார். நான் வீறாப்புக்கு இன்னும் ஐந்து நிமிஷம் தாங்கினேன். எடுத்துப் பார்த்தால் இரண்டு பேர் மணிக்கட்டிலும் செக்கச் செவேலென்று தடம். அது மறைய எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

"இத்துனூண்டு பூண்டு" என்று சூப்பர்வைசர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. பிறகு அவரே கேட்டுக்குப் போய், மோசஸை வேலைக்குப் போகச் சொன்னார்.

நான் அன்றைக்குப் பெரிய ஆள். மத்தியானம் கேன்டீனில் டீ டம்ளரோடு நின்று கதையை நாலாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடும் ஆசிட், உட்கார்ந்த பூண்டு, கிழியாத சட்டை. கன்னியம்மா தரையில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். சூப்பர்வைசரு இருவது நிமிஷத்துல குதிச்சாரு. நீ இருவத்தஞ்சு."

"ஆமா."

"நான் உரிக்கிறதோட சரி. நசுக்கறதுகூட கெடையாது. அதுக்கே சாயந்திரம் வூட்டுக்குப் போனா நகக்கண்ணு எரியுது, புள்ளைக்கு சோறு பெசஞ்சி ஊட்ட முடியல." விரல்களை விரித்துக் காட்டினாள். நுனியெல்லாம் வெடித்திருந்தது. "அந்தாளு ராவெல்லாம் கட்டிகினு தூங்கிகீறானே. அவன் இன்னா, மனுசனா, கருங்கல்லா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

இடுக்கியால் தோலை இழுத்தபோது அவன் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைத் தைரியம் என்று பாராட்டினேன். வலியைப் பற்றி நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்தவன், ஒருத்தனுக்கு வலிக்கவே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தும் பார்க்கவில்லை. பூண்டு உரிக்கிறவள் தன் விரலை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துவிட்டாள். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினேன். கட்டைப் பிரித்தேன். புண்ணைச் சுற்றி, சுடாமல் தப்பிய இடத்தில், வெளிறிய தேமலின் ஓரம் தெரிந்தது. பஞ்சைத் திரித்து நூல் மாதிரி ஆக்கிக்கொண்டேன்.

"கண்ண மூடு. நான் எங்க தொடறேனோ அங்க வெரல் வை."

உள்ளங்கையில் தொட்டேன். உடனே விரல் வைத்தான். தோளில் தொட்டேன். வைத்தான். வலது கையில், கழுத்தில், எங்கே தொட்டாலும் குறி தப்பாமல் வைத்தான். பிறகு தேமலின் ஓரத்தில் தொட்டேன். அவன் காத்திருந்தான். இன்னொரு முறை தொட்டேன். கொஞ்சம் அழுத்தி, மூன்றாவது முறை. நான்காவது முறை.

கண்ணை மூடியபடியே சொன்னான்: "சீக்கிரம் தொடுண்ணா. லைன்ல ஆள் இல்ல."

இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ அலறலைக் கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தைபோல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

அவன் கண்ணைத் திறந்தபோது பஞ்சு அவன் கைமேல்தான் இருந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்டிதான் ஒரு தேமல்ல ஆரம்பிச்சிது" என்றான். "இப்ப ஏரிக்கர ஓரமா தனியா கீறாரு. வெரலு இல்ல. எனக்கு ஒரு மாசமா சந்தேகம்ண்ணா. கொழந்தயத் தூக்கறதே இல்ல. பொண்டாட்டி சண்ட போடறா, பொண்ணு பொறந்ததால தூக்க மாட்டேன்றியான்னு."

காலையில் மோசஸைப் போலீசுக்குக் கொடுக்க இருந்தபோதுகூட இவன் வாய் திறக்காமல் இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பூண்டு என்று சொன்னால் தேமலைச் சொல்ல வேண்டும். தேமலைச் சொன்னால் இந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். செய்தது தப்புதான். ஆனால் அது எவ்வளவு பெரிய பயம்!

இப்போது என் முறை. ரிஜிஸ்டர் மேஜை மேல் திறந்திருந்தது. அதில் இதை எழுதினால் மாலைக்குள் ஆலை முழுக்கத் தெரியும், மறுநாள் அவன் வேலையில் இருக்க மாட்டான். எழுதாமல் மூடி மறைத்தால் அவன் விரல் போகும். நான் டாக்டர் இல்லை. சந்தேகம் மட்டும்தான் என்னுடையது, நோயின் பெயரைச் சொல்கிற உரிமை எனக்கில்லை. ரிஜிஸ்டரை மூடினேன். மறுநாள் இருவரும் லீவு போட்டோம். வாலாஜாபாத் அரசு ஆஸ்பத்திரிக்கு நானே அவனைக் கூட்டிப் போனேன். "போய்க் காட்டு" என்று சொல்லி அனுப்பியிருந்தால் அவன் ஆஸ்பத்திரி வாசல் வரை போய் வேறு பஸ் ஏறியிருப்பான்.

அங்கே தொழுநோய்க்கென்று ஊர் ஊராகச் சைக்கிளில் போகிற ஆய்வாளர் ஒருவர் இருந்தார். உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தார். முழங்கை நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். பேனா முனையால் அவரும் அதே கண்மூடி ஆட்டத்தை ஆடினார். பிறகு உள்ளே இருந்த டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, சந்தை விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்:

"ஒரே ஒரு தேமல். ஆரம்பம்தான். ஆறு மாசம் மாத்திரை, காசு கெடையாது. மாசத்துக்கு ஒரு டோஸ் என் முன்னாலயே முழுங்கணும். முழுங்கின அன்னிக்கு மூத்திரம் செவப்பாப் போவும், பயந்துடாத. அந்தக் கையில சூடு, காயம் படாம பாத்துக்க."

ஏகாம்பரம் வேறு எதையும் கேட்கவில்லை. "கொழந்தயத் தூக்கலாமா சார்?"

"தூக்குய்யா. யாரு தூக்காதன்னது?"

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் ஊருக்குள் நடக்கவில்லை, ஓடினான்.

ஆய்வாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். பூண்டு என்றேன். கன்னியம்மாவைப் பற்றிச் சொன்னேன். "நான் ஊர் ஊரா பஞ்சையும் பேனாவையும் தூக்கிட்டு அலையறேன். எல்லாரும் கதவைச் சாத்தறாங்க. பூண்டு போய்த் தட்டினா திறந்திருக்கு பாரு" என்றார். இதை அன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை எங்கள் டாக்டர் வந்தார். அறையைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஏகாம்பரத்தின் சம்மதத்தோடு. அவர் மருந்துச் சீட்டைப் பார்த்தார், நரம்பைப் பார்த்தார். பிறகு வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மாத்திரை சாப்பிடறவனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆசிட் தொட்டிப் பக்கம் மட்டும் விடாதீங்க. வலி தெரியாத கைக்கு அங்க வேலை இல்ல" என்றார். பாக்கிங் பக்கம் மாற்றினார்கள். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்தது. அதைச் சொன்னவன் ஏகாம்பரமே. நான் சொல்லச் சொல்லவில்லை. அடுத்த வாரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் நடந்தது இது. மோசஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்து இடம் காலி. ஏகாம்பரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குந்தேன்டா. துண்டத் தூக்கிக் கடாசினியே அன்னிக்கு, இப்ப இன்னா மரியாத?"

ஏகாம்பரம் குனிந்து அவன் காதில் என்னவோ சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான். மோசஸ் முகத்தில் கோபம் வந்தது, போனது, வேறு என்னென்னவோ வந்தது. கேட்டில் உட்கார வைத்த அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்ன பதில் சொல்லப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாத்திர போடறியா?"

"போடறேன்."

"கரெக்டா?"

"கரெக்டா."

"அப்ப குந்து." நகர்ந்து இடம் விட்டான். உடனே முழங்கையால் ஒரு இடி இடித்தான். "ஜன்னல் என்து. அத கேக்காத."

வாலாஜாபாத் வரைக்கும் தோளோடு தோள் ஒட்டி, மழைத் தண்ணீர் தெறிக்கிற ஜன்னலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். நான் எத்தனையோ மருந்து பார்த்திருக்கிறேன், தம்பிகளே. அந்த முழங்கை இடியையும் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

புண் ஆற ஆறு வாரம் ஆனது. உணர்ச்சி இல்லாத தோல் ஆறுவதற்கு நேரம் எடுக்கும். மாதம் ஒரு முறை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சால் தொட்டுப் பார்ப்பேன். அவன் கண்ணை மூடிக் காத்திருப்பான். நான் பேச்சை மாற்றுவேன். மருந்து நோயைக் கொல்லும், செத்த நரம்பு திரும்புமா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். திரும்பாதவர்களையும் பிற்பாடு நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது மாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். என் அறைக் கதவு படாரென்று திறந்தது. ஏகாம்பரம் இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். பின்னாலேயே கன்னியம்மா, கையில் கரண்டியோடு, முகம் வெளுத்துப்போய்.

"அண்ணா, நான் வேணும்னு ஊத்தலண்ணா! பூண்டு ரசம் ஊத்திகினு இருந்தேன், இந்தாளு கைய நீட்டிட்டான். கத்து கத்துன்னு கத்தறான். பாருண்ணா சீக்கிரம்!"

பார்த்தேன். தேமலின் ஓரத்தில், ஒரு மிளகு அளவுக்குச் சிவப்பு. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நிமிர்ந்து ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"எரியுதுண்ணா" என்றான். "எரியுது!"

கன்னியம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள் கேட்ட ஒரு கேள்விதான் இவன் விரல்களைக் காப்பாற்றியது என்பதும் தெரியாது. "லூசாண்ணா இவன்?" என்று என்னைப் பார்த்தாள்.

கையைத் தண்ணீரில் காட்டினேன். அது அவசியமே இல்லை. ஆனால் என் கைக்கும் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"எப்டி எரியுது, சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். அந்த மிளகளவு சிவப்பின் மேல் வலது கை விரலை, குறி தப்பாமல், தானே வைத்தான்.

"பூட்டிக் கெடந்த வூட்ல யாரோ லைட்டு போட்ட மாதிரி கீதுண்ணா."